கட்டைக் கோட்டையும் கற்கோட்டையும்: கொழும்பிலிருந்து புறப்படும் புதிய படப்பிடிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

லெகோ விளையாட்டுக் கட்டைகளால் அடுக்கிய கோட்டையைப் படமெடுப்பதும் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்லால்) கட்டிய உண்மைக் கோட்டையைப் படமெடுப்பதும் தொடர்பில்லாத இரண்டு வேலைகள் என்றே முதலில் தோன்றும். ஆனால் இரண்டிலும் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுதான். அது அளவை உணர்த்துவது. மேசை மேல் இருக்கும் கோட்டை படத்தில் வானளாவ நிற்க வேண்டும். ஊரையே வளைத்து நிற்கும் கோட்டை, கையகலத் திரைக்குள் அடங்கிய பின்னும் தன் பருமனை இழக்காதிருக்க வேண்டும். பழைய நகரத் தெருக்களும் இதே சிக்கலைத்தான் தருகின்றன. ஆகவே செலவில்லாத கட்டைகளில் கையைப் பழக்கிக்கொண்டு, கொழும்பின் பழைய தெருக்களில் அதைச் சோதித்துப் பார்த்து, பிறகு காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பயணப்படுவது நல்லது என்பது என் கருத்து. இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: கருவி

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓரளவு நல்ல கைத்தொலைபேசி ஒன்று தொடங்குவதற்குப் போதும். தனிக் கமரா வைத்திருப்பவர்கள் அதனுடன் வந்த சாதாரண லென்ஸையே முதல் ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். கூடுதலாக வாங்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது லென்ஸின் முன்னே பொருத்திச் சுழற்றும் போலரைசர் வடிகட்டி. பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் அகழி நீரிலும் விழும் பளபளப்பைக் குறைக்கப் பின்னாளில் கணினியில் செய்யும் எந்தத் திருத்தமும் அதற்கு ஈடாகாது. முக்காலியை லெகோ கண்காட்சிகளில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், அரிசி நிரப்பித் தைத்த சிறு துணிப்பை ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். மேசை விளிம்பிலும் மதில் மேலும் கமராவை அசையாமல் வைக்க அது உதவும்.

கொழும்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. நமது ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது மிக எளிது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் கருவியை வைத்திருங்கள். தோற்பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டாதீர்கள். அதேபோல், குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் கமராவை எடுத்தால் லென்ஸ் மீது பனி படர்ந்துவிடும். பையை மூடியபடியே கால் மணி நேரமாவது பொறுத்திருந்து திறப்பது நல்லது.

இரண்டாம் படி: வீட்டு மேசையில் பழகுதல்

கண்காட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெட்டியில் கிடக்கும் கட்டைகளே போதும். டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் 1932இல் மரப் பொம்மைகளுடன் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்றுள்ள கட்டையின் பொருத்து முறைக்குக் காப்புரிமை கோரியது 1958இல். கையை அசைக்கும் பொம்மை மனிதரும் மஞ்சள் நிறக் கோட்டையும் வெளிவந்தவை 1978இல். படமெடுப்பவர் மனத்தில் இருத்த வேண்டிய அளவுகளும் சில உண்டு: கட்டையின் மேலுள்ள குமிழ்களின் மையங்களுக்கிடையே 8 மில்லிமீற்றர் இடைவெளி, ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், பொம்மை மனிதரின் உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்.

இந்த 4 சென்ரிமீற்றர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நின்றபடி குனிந்து எடுத்தால் நமது கண் பொம்மை மனிதரின் தலைக்கு மேல் பல மடங்கு உயரத்தில் இருக்கும். குமிழ்கள் எல்லாம் வரிசை வரிசையாகத் தெரிந்து, இது விளையாட்டுப் பொருள் என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸை அந்தப் பொம்மையின் கண்மட்டத்துக்கு, அதாவது தளத்திலிருந்து 3 சென்ரிமீற்றர் அளவுக்கு இறக்கினால் குமிழ்கள் ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கிவிடும்; கோட்டை வாயில் தலைக்கு மேலே எழுந்து நிற்கும். கைத்தொலைபேசியில் இதைச் செய்ய எளிய வழி, அதைத் தலைகீழாகப் பிடிப்பதுதான். லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், கவிழ்த்துப் பிடிக்கும்போது அது மேசையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அடுத்தது தெளிவின் ஆழம். மிக அருகிலிருந்து எடுக்கும்போது முன்னும் பின்னும் மங்கிப்போவது இயற்கை. அந்த மங்கலைக் கண்ட மாத்திரத்திலேயே, படத்திலிருப்பது சிறிய பொருள் என்று நமது மனம் முடிவு செய்துவிடுகிறது. உண்மை நகரத்தின் மேலும் கீழும் வேண்டுமென்றே மங்கலாக்கி அதைப் பொம்மை நகரம்போலக் காட்டும் உத்தி இந்தப் பழக்கத்தை நம்பியே நிற்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. எனவே கமராவில் அப்பேர்ச்சரை, அதாவது லென்ஸின் துவார அளவை, எஃப் 8 முதல் எஃப் 11 வரை வையுங்கள். அந்த எண்ணை அதற்கு மேல் மிகவும் கூட்டினால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். கைத்தொலைபேசியின் உணரி மிகச் சிறியது என்பதால் இவ்விடயத்தில் அது விலையுயர்ந்த கமராவை முந்திவிடுகிறது. ஆனால் பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையை நிறுத்திவைக்க வேண்டும். கட்டைகளின் விளிம்பை அது கண்டபடி வெட்டிக் குதறிவிடும்.

ஒளிக்கு ஜன்னலோரம் போதும். மேசையின் ஒரு பக்கத்தில் ஜன்னல், மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக் காகித அட்டை. ஃபிளாஷ் வேண்டாம்; கட்டைகள் வார்க்கப்படும் பிளாஸ்டிக் மிகுந்த பளபளப்புள்ளது, ஒவ்வொரு மூலையிலும் வெள்ளைப் புள்ளி விழும். படமெடுக்கும் முன் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். கண்ணுக்குப் புலப்படாத தூசி, அருகிலெடுத்த படத்தில் பாறாங்கல்போல உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் படி: கண்காட்சி மண்டபத்துக்குள்

மண்டபத்தில் முதலில் எதிர்ப்படும் தொல்லை விளக்கு. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் குழல் விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை மிகவும் கூட்டினால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழும். 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் மறைந்துவிடும். ஒளி குறைவு என்பதால் கமராவின் ஒளியுணர் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800 அல்லது 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். அசைந்துபோன படத்தைவிடச் சற்று மணல்தட்டிய படம் மேல்.

நிறச் சமநிலையைக் கமராவே தேர்ந்துகொள்ளும்படி விட்டால், மஞ்சள் முகங்களும் சாம்பல் மதில்களும் நிறைந்த காட்சியில் அது தடுமாறும். காட்சியில் எங்காவது வெள்ளைக் கட்டை இருக்கும். அதன் மீது அல்லது ஒரு வெள்ளைத் தாளின் மீது சமநிலையை அமைத்துக்கொண்டு, அதே அமைப்பிலேயே அந்த மேசை முழுவதையும் எடுத்து முடியுங்கள்.

பெரிய மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அங்கே லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைப்பதே சிறந்த வழி. சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் எதிரொளி முற்றாக நின்றுவிடும். ஒட்ட முடியாத இடத்தில் சற்றுச் சரிவாக நின்று போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள். நேர் எதிரே நின்றால் அது வேலை செய்யாது. கண்ணாடியின் பரப்போடு ஏறத்தாழ 35 பாகை சரிவில் அதன் பலன் உச்சமாக இருக்கும். கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்திவிட்டால், கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்க்காமல், கயிற்றுக்குக் கீழே குந்தியிருந்து சற்று நீண்ட குவியத்தில் (ஸூம் செய்து) எடுங்கள். பார்வை மட்டம் தாழ்ந்திருந்தால் தூரம் அவ்வளவு கெடுதல் செய்யாது.

கட்டியவரோடு பேசுங்கள். கோட்டையின் பின்புறத்தில், பார்வையாளர் வராத பக்கத்தில், ஒரு சமையலறையையோ களவாக ஏணி சாத்தும் ஒரு திருடனையோ அவர் ஒளித்துவைத்திருப்பார். கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார். அந்தச் சிறு காட்சி, முழுக் கோட்டையையும் எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று எடுத்த படத்தைவிடப் பெறுமதியானது. பிள்ளைகள் முகம் தெரிய எடுப்பதாயின் பெற்றோரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

நான்காம் படி: கோட்டையைப் புரிந்துகொள்ளுதல்

இங்கேதான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கட்டைக் கோட்டைகளைப் பார்த்துப் பழகியவர் காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் நின்றால் ஏமாற்றமடைவது நிச்சயம். உயர்ந்த கோபுரங்கள் எங்கே, பல்வரிசை போன்ற மதிலுச்சி எங்கே என்று தேடுவார். அவையெல்லாம் அம்பையும் ஏணியையும் எதிர்த்து நின்ற இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளுக்குரியவை. 15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வலுப்பெற்றதும் உயர்ந்த மதில் பலவீனமாகிவிட்டது. குண்டு பட்டால் சரிந்துவிழும். ஆகவே மதில்கள் தாழ்ந்தன, தடித்தன, உள்ளே மண் நிரப்பப்பட்டன; மூலைகளில் அம்புமுனை போன்ற கொத்தளங்கள் வெளியே நீண்டன. ஒரு கொத்தளத்தின் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் பக்கவாட்டைக் காக்கும் வகையில் கோணங்கள் கணக்கிடப்பட்டன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் கட்டியவை இவ்வகைக் கோட்டைகள். அவற்றின் அழகு மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகப் புரியும். தரையில் நின்று எடுத்தால் நீண்ட, கறுத்த ஒரு சுவர் மட்டுமே கிடைக்கும்.

அப்படியானால் எதை எடுப்பது? மதிலின் தடிப்பை எடுங்கள். அது வாயிலுக்குள் நுழையும் இடத்தில் வெளிப்படுகிறது. கொத்தளத்தின் மூக்கை, அதன் முனைக்கு நேரே நின்று, இரு பக்கங்களும் விலகிச் செல்வது தெரிய எடுங்கள். மதிலின் மேல் நடைபாதையில் நின்று, அதன் கோடு அடுத்த கொத்தளம் வரை ஓடுவதைக் காட்டுங்கள். அகழியில் நீர் இருந்தால் அதன் விளிம்புவரை இறங்கி எடுங்கள். மேசையில் பழகிய பொம்மை மனிதர் இங்கே உண்மை மனிதராகத் திரும்பி வருகிறார்: மதிலோரம் நடப்பவர் ஒருவர் சட்டத்துக்குள் வரும்வரை காத்திருங்கள். அவர் கமராவுக்கு அருகில் நின்றால் மதில் சிறுத்துவிடும். மதிலை ஒட்டி நடந்தால்தான் அதன் உயரம் தெரியும்.

கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னால் விழுவதுபோலத் தோன்றும். சாய்க்காமல் நேராகப் பிடித்து, வேண்டிய அளவு பின்னே நகர்ந்து எடுத்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். கைத்தொலைபேசியின் மிக அகன்ற லென்ஸைக் கோட்டைகளில் அளவோடு பயன்படுத்துங்கள். முன்னால் ஒரு பீரங்கியோ படிக்கட்டோ இல்லாவிட்டால் அது மதிலை வெறும் நூலாக்கிவிடும்.

உண்மையான இடைக்காலக் கோட்டை வேண்டுமென்பவர் யாப்பகுவவுக்குப் போகலாம். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு தலைநகராக்கிக்கொண்ட பாறைக் கோட்டை அது. 1284ஆம் ஆண்டளவில் பாண்டியரின் படைத்தலைவனான ஆரியச்சக்கரவர்த்தி அதைக் கைப்பற்றிப் புத்தரின் புனித தந்தத்தை எடுத்துச் சென்றதாக வரலாறு சொல்கிறது. செங்குத்தான கற்படிகளும் அவற்றின் இருபுறச் சிங்கங்களும், பொம்மை மனிதரின் கண்மட்டத்தில் பழகியவருக்கு நன்றாகக் கைகொடுக்கும்: கீழ்ப்படியில் கமராவை வைத்து மேலே பாருங்கள். யாழ்ப்பாண ரயிலில் மாஹோ சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டியில் போய்விடலாம்.

ஐந்தாம் படி: வெயிலும் மழையும்

நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழும்புகிறது. மென்மையான ஒளி காலையில் ஒரு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. ஆறரைக்குள் இடத்தில் நிற்காவிட்டால் அன்றைய காலை போய்விட்டது. மாலையிலும் சூரியன் மறைந்தபின் நீல வெளிச்சம் இருபது நிமிடம் மட்டுமே. ஏப்ரல் முதல் இரு வாரங்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது மதிலுக்கு நிழலே இராது, கல்லின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். முருகைக்கல்லில் பதிந்த சிப்பித் தடங்களும் கீறல்களும் தெரிய, ஒளி பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு விழ வேண்டும்.

காலி, மாத்தறைப் பயணத்துக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை உகந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மே முதல் செப்டெம்பர் வரை வானம் தெளிவாயிருக்கும். ஆனாலும் மழை ஓய்ந்த உடனே நனைந்த கல் கருமை கொண்டு மினுங்குவதை எடுக்கத் தவறாதீர்கள்.

ஆறாம் படி: புறக்கோட்டையில் ஒத்திகை

கொழும்புக் கோட்டையின் மதில்களைப் பிரித்தானியர் 1869ஆம் ஆண்டளவில் இடிக்கத் தொடங்கினர். இன்று பெயரும் ஒருசில எச்சங்களுமே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் பழைய நகரத் தெருவைப் படமெடுக்கப் பழகுவதற்கு, பக்கத்திலுள்ள கடைவீதிப் பகுதியான புறக்கோட்டையைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாம் குறுக்குத்தெருவில் 1908இல் கட்டத் தொடங்கிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமாய் அடுக்கிய லெகோ மாதிரிபோலவே நிற்கிறது. தெரு குறுகியது, முழுக் கட்டடத்தையும் எடுக்கப் பின்னே நகர இடமில்லை. முழுவதையும் திணிக்க முயலாமல், கோடுகள் சுருளும் ஒரு தூணையும் அதன் கீழே வண்டியிழுத்துச் செல்லும் சுமைத் தொழிலாளியான நாட்டாமியையும் சேர்த்து எடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு செட்டியார் தெரு வழியாக நடந்து, 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வொல்வெண்டல் தேவாலயம் வரை செல்லலாம். வழியில் யாரையாவது முகம் தெரிய எடுக்க விரும்பினால், “அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சம்மதிப்பார்கள், மறுப்பவரிடம் வாதாட வேண்டாம். மூட்டை சுமப்பவரின் வழியை மறித்து நின்றால் மட்டும் நல்ல தமிழில் ஏச்சு கிடைக்கும், அது நியாயமும்கூட. பௌர்ணமி விடுமுறையாகக் கடைகள் மூடிய போயா தினத்தில் கட்டடங்களின் முகப்புகளைத் தடையின்றி எடுக்கலாம்.

ஏழாம் படி: காலியும் யாழ்ப்பாணமும்

காலிக்கு ரயிலில் போவதே சிறப்பு. தெற்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்க ஜன்னல் கடற்பக்கம். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டைக்குள் கடிகாரக் கோபுரத்துக்கு அருகிலுள்ள 1873ஆம் ஆண்டு வாயிலால் எல்லோரும் நுழைகிறார்கள். நீங்கள் துறைமுகப் பக்கத்துப் பழைய வாயிலைத் தேடிச் செல்லுங்கள். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய அரச இலச்சினை. உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை. இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், கீழே உரோம எண்களில் 1669. பாசி படிந்த அந்தக் கல் இருண்டது, வளைவுக்கு அப்பால் தெரு கூசும் வெளிச்சம். இலச்சினையின் மீது ஒளி அளவீட்டை வைத்து ஒரு படம், தெருவின் மீது வைத்து இன்னொரு படம் என எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவதில் வளைவு கருஞ்சட்டமாகி, நடந்து வருபவர் அதற்குள் பொருந்துவார்.

மாலையில் கொடிப்பாறைப் பக்கமிருந்து மதில் வழியே கிழக்கே நடந்தால், மேற்குச் சூரியன் 1939ஆம் ஆண்டு வெளிச்சவீட்டையும் அதன் எதிரேயுள்ள வெள்ளைப் பள்ளிவாசலையும் ஒருசேர ஒளியூட்டும். இரண்டும் வெண்மை என்பதால் ஒளியை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். இல்லையேல் சுவரின் விவரம் வெளிறிப்போகும்.

யாழ்ப்பாணக் கோட்டை வேறொரு மனநிலையைக் கேட்கிறது. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகக் கட்டியெழுப்பினர். 1706இல் உள்ளே எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் போரில் சிதைந்தது. புதுப்பித்த மதிலின் நேர்த்தியும் உள்ளே கிடக்கும் முருகைக்கற் குவியலும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடங்கள் பல உண்டு. அழகிய அந்திவானத்தை மட்டும் எடுத்துத் திரும்புவது எளிது. நமது மக்களுக்கு அந்தக் கற்கள் என்ன என்பதை அறிந்தவர் அதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. நேரம் இருந்தால் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குச் சென்று நீண்ட குவிய லென்ஸால் கடற்கோட்டையை எடுங்கள். அக்கரைப் பனைகள் மதிலை ஒட்டி நிற்பதுபோல நெருங்கி வரும்.

அனுமதி பற்றிய எச்சரிக்கை: திருகோணமலைக் கோட்டை போன்ற இடங்களில் இராணுவம் உள்ளது; காவலரண்களையும் துறைமுகத்தையும் கொழும்புக் கோட்டையின் பாதுகாப்பு வலயத்தையும் நோக்கிக் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி தேவை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது இங்கே சட்டச் சிக்கல்வரை போயிருக்கிறது.

எட்டாம் படி: கடல் கடந்து

கட்டையையும் கோட்டையையும் ஒரே பயணத்தில் எடுக்க விரும்புவோருக்கு மலேசியா பொருத்தமானது. ஜொகூரில் 2012இல் திறந்த லெகோலாந்தின் சிற்றூர்ப் பகுதியில் ஆசியாவின் புகழ்பெற்ற கட்டடங்கள் 20இல் ஒரு பங்கு அளவில் நிற்கின்றன. அங்குள்ள பொம்மை மனிதர் நமது மேசைப் பொம்மையைவிட உயரமானவர்; லென்ஸையும் அவரின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் மலாக்கா. 1511இல் போர்த்துக்கேயரும் 1641இல் ஒல்லாந்தரும் பிடித்த அந்த ஊரில், பிரித்தானியர் இடித்தது போக எஞ்சிய கோட்டை வாயிலில் அதே கம்பனியின் இலச்சினையும் 1670 என்ற ஆண்டும் இருக்கின்றன. காலி வாயிலை எடுத்த அதே தூரத்திலும் அதே கோணத்திலும் இதையும் எடுத்தால், ஓராண்டு இடைவெளியில் பொறித்த இரு கற்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டலாம்.

திரும்பி வந்த அன்றே படங்களை இரு வேறு வன்தட்டுகளில் பிரதிசெய்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் இடம், திகதி, நின்ற திசை ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். கொத்தளங்கள் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதத்துக்குப் பின் காலியின் நட்சத்திரக் கொத்தளம் எது, சூரியக் கொத்தளம் எது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.